இரண்டு வைத்தியப் பள்ளிகளும் ஒரு கேள்வியும்

நான் பள்ளியிறுதித் தேர்வில் தேறிய வருஷம் மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா அங்கே கல் உடைக்கும் வேலையில் இருந்தார். மாதத்துக்கு ஒருமுறை வருவார்; பாதித் தடவை காய்ச்சலோடுதான் வருவார். அம்மா சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆயா. வெண்ணந்தூர்ப் பக்கத்தில் ஒரு சேரியைச் சேர்ந்தவர்கள் நாங்கள். அம்மாவுக்கு அந்த வேலை கிடைத்ததால் சேலத்தில் ஓர் அறை கிடைத்தது. அறை கிடைத்ததால் எனக்குப் படிப்பு கிடைத்தது.

பள்ளிக்கூடம் விட்டதும் ஆஸ்பத்திரி வாசலில் அம்மாவுக்காகக் காத்திருப்பேன். மாட்டு வண்டியில் படுத்துக்கொண்டு வந்தவர்களில் சிலர் பத்து நாள் கழித்து நடந்து வெளியே போவதைப் பார்த்திருக்கிறேன். டாக்டருக்குப் படிக்கும் ஆசை அங்கேதான் பிடித்தது. பள்ளியிறுதியில் நல்ல மதிப்பெண் இருந்தால் நான்கு வருஷ வைத்தியப் பள்ளியில் நேராகச் சேரலாம் என்றிருந்த காலம் அது. இரண்டு பள்ளிகளுக்கு மனுப் போட்டேன். ஒன்று பெரிய நகரத்தில் இருந்தது, மற்றது தெற்கே ஒரு சிறிய ஊரில். பெயர்கள் வேண்டாம். இரண்டிலும் இடம் கிடைத்துவிட்டது. ஒன்றுகூடக் கிடைக்காது என்று நினைத்திருந்தவனுக்கு எதை விடுவது என்று கவலைப்படுவதே பெரிய சந்தோஷமாக இருந்தது.

ஹெட்மாஸ்டர் ஒரு நிமிஷங்கூட யோசிக்கவில்லை. "பெரிய ஊருக்கே போ. நோயாளி அதிகம், உபகரணம் அதிகம். அங்கே படிச்சவன்னா மதிப்பும் அதிகம்" என்றார். அவர் சொன்னது எதுவும் பொய்யில்லை.

அன்று சாயங்காலம் அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டாள்.

"ஏஞ்சாமி, எங்க ஆஸ்பத்திரிப் பழைய டாக்டரு எங்க படிச்சவரு?"

"தெக்க, அந்தச் சின்ன ஊர்லம்மா."

"புதுசா வந்தாரே, அந்தச் சின்ன டாக்டரு?"

"அவரு பெரிய ஊர்ல."

"அப்பத் தெக்கயே போ."

ஏன் என்றேன். "ரெண்டு பேருக்கும் கை கழுவத் தண்ணி ஊத்தறவ நானு. பழையவரு கையக் கழுவிப்போட்டு நோவாளியத் தொடுவாரு. சின்னவரு தொட்டுப்போட்டுக் கழுவுவாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒரு ஆளு பழக்கத்த வெச்சு ஒரு பள்ளிக்கூடத்தையே சொல்ல முடியுமாம்மா?"

"எனக்கென்ன தெரியும் சாமி. பாத்ததச் சொன்னேன்."

அவள் பேச்சை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் மனத்தில் வேறொரு கேள்வி இருந்தது. சேலத்தில் படித்த வருஷங்கள் முழுக்க மத்தியானச் சோற்றை மைதானத்து ஓரத்தில் தனியாக உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். யாரும் விரட்டியதில்லை, யாரும் கூப்பிட்டதும் இல்லை. இன்னும் நான்கு வருஷம் அப்படியே இருக்க எனக்கு மனமில்லை. ஆகவே இரண்டு பள்ளிகளுக்கும் தனித்தனியே ஒரு தபால் கார்டு எழுதினேன். என் சாதியைச் சொல்லி, விடுதியில் மாணவர்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்களா என்று கேட்டேன்.

பெரிய ஊரிலிருந்து டைப் அடித்த பதில் ஒரு வாரத்தில் வந்தது. தங்களைப் போன்ற மாணவர்களுக்குப் பின்புற வராந்தாவில் தனியாக வசதி செய்திருக்கிறது, ஒரு சிரமமும் இராது என்று மரியாதையாகவே எழுதியிருந்தார்கள்.

மற்றப் பதில் வரப் பதினைந்து நாளாயிற்று. பென்சிலால் தமிழில் எழுதிய கார்டு. எழுதியவர் அங்கே இரண்டாம் வருஷ மாணவர். "எங்கள் பள்ளிக்கு விடுதி கிடையாது. உங்கள் கார்டை ஆபீஸ் குமாஸ்தா என்னிடம் கொடுத்தார். நாங்கள் நான்கு பேர் ஒரு வீடு பிடித்து முறை வைத்துச் சமைக்கிறோம். இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது. எங்களோடு உட்கார்ந்தே சாப்பிடலாம். சமைக்கத் தெரியாவிட்டால் பரவாயில்லை. எங்களுக்கும் தெரியாது."

அம்மா அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

அந்த வாரம் அப்பா வந்திருந்தார். கம்பளியைப் போர்த்திக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டவர், "பெரிய ஊர்ல நம்மள யாருக்கும் தெரியாதுங்கறாங்க. நீயா எதுக்கு எழுதிக் கேட்ட? கேக்காமப் போயிருக்கலாமில்ல?" என்றார்.

"கேக்காமப் போயிருந்தா, எப்பத் தெரியுமோன்னு நாலு வருசம் பயந்துக்கிட்டே சோறு திங்கணும்ப்பா."

அப்பா பென்சில் கார்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "செரி, தெக்கயே போ" என்றார்.

ரயிலடியில் கார்டு எழுதியவரே வந்து காத்திருந்தார். ஒல்லியான, நெடுநெடுவென்ற மனிதர். வீட்டில் சாதமும் ஏதோ ஒரு குழம்பும் தயாராக இருந்தன. கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தோம். ராசிபுரத்து நெய் வியாபாரி மகன் ஒருவர் மட்டும் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். என் வகுப்பில் சேர்ந்தவர். எனக்கு நான்கு நாள் முன்னால் வந்தவர்.

நெட்டையர் தலையைக் குனிந்துகொண்டார். "அவர் வர்றதுக்கு முந்தி எழுதின கார்டு. அவரைக் கேக்கலை. மன்னிச்சுக்குங்க" என்றார்.

அன்று மத்தியானம் பெட்டியைத் திறக்காமலேயே உட்கார்ந்திருந்தேன். திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் ஒருவர் உள்ளே போனாலும் நான்கு பேர் என்னோடு கூடத்தில் இருந்தார்கள். அதுவரை என் வாழ்க்கையில் அப்படி நான்கு பேர் இருந்ததில்லை. பெட்டியைத் திறந்தேன்.

உடற்கூறு வகுப்பில் வரிசை எண்படி இரண்டிரண்டு பேரைச் சேர்த்தார்கள். எனக்கு ஜோடியாக வாய்த்தவர் அந்த ராசிபுரத்துக்காரர். எங்கள் முன்னால் ஒரு பிணத்தின் வலக்கை. முதல் நாள் அவர் வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தார். இரண்டாம் நாள் கத்தியை எடுத்தவர் அதை மறுபடியும் மேஜையில் வைத்துவிட்டார். பிறகு முதன்முதலாக என்னிடம் பேசினார்.

"நீங்க அறுங்க. நா புஸ்தகத்தப் பாத்துச் சொல்றனுங்க."

"செரிங்க" என்றேன்.

அப்படியே நடந்தது. அவர் படிக்க நான் அறுத்தேன். ஒரு மாதத்தில் அவரும் அறுக்க ஆரம்பித்தார். ஆனால் வீட்டில் அவர் தட்டு சமையலறையில்தான்.

ஒரு நாள் முன்கையில் ஓடும் ஒரு நரம்பைப் பற்றி இருவருக்கும் தகராறு வந்தது. அது தசைக்கு மேலே போகிறது என்றார் அவர். கீழே என்றேன் நான். வகுப்பு முடிந்தும் தீரவில்லை. வழி நெடுகப் பேசிக்கொண்டே வீட்டுக்கு வந்தோம். எனக்குச் சோறு போட்டார்கள். அவர் தன் தட்டை வாங்கிக்கொண்டு, "இல்லீங்க, இப்படி வெச்சுக்குங்க" என்று தன் முழங்கையை மடக்கிக் காட்டியபடி என் எதிரே உட்கார்ந்துவிட்டார். அன்றைய சமையல்காரரான நெட்டையர் அவர் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிவிட்டு நகர்ந்தார். நரம்பு விஷயத்தில் அவர் சொன்னதுதான் சரி என்று மறுநாள் தெரிந்தது.

மூன்றாம் வருஷம் எங்களை வார்டுக்கு அனுப்பினார்கள். அங்கே என் முதல் நோயாளி ஒரு கிழவர். திருச்செங்கோட்டுப் பக்கத்து விவசாயி. மகளைப் பார்க்க வந்த இடத்தில் நெஞ்சுச் சளி கட்டிப் படுத்துவிட்டவர். நான் இரண்டு வார்த்தை பேசியதுமே நிமிர்ந்து பார்த்தார்.

"நம்ம பக்கத்துப் பேச்சா இருக்குதே. எந்த ஊருங்க சாமி?"

"வெண்ணந்தூருப் பக்கமுங்க" என்றேன். அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதற்கும் நானே பதில் சொல்லிவிட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி, சட்டையை மேலே சுருட்டி, முதுகைக் காட்டினார்.

"மூச்ச இழுக்கோணுமுங்களா?"

"ஆமாங்க, ஆழமா இழுங்க."

குழாயை வைத்துக் கேட்டேன். இடப்பக்கம் அடியில் கரகரவென்று சத்தம். மேலே நன்றாகக் காற்று போய் வந்துகொண்டிருந்தது.

"செரியாயிருமுங்களா சாமி?"

"செரியாயிருமுங்க" என்றேன். எனக்கு அது நிச்சயமாகத் தெரிந்திருந்தது.