கடைசி அடை

ரேணிகுண்டாவில் தொண்ணூற்றேழில் திறந்த மோட்டார் கம்பெனியில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் பெண்கள் ஐந்து பேர். மதியம் டப்பாக்களை நடுவில் வைத்துக் கலந்து சாப்பிடுவார்கள். அவர்களுக்குள் ஒரே ஒரு சட்டம்: எந்த டப்பாவிலும் கடைசித் துண்டை எடுப்பவள் அந்த டப்பாவைக் கழுவித் தர வேண்டும். அதனால் கடைசி வடையைச் சுற்றித் தினமும் ஒரு தள்ளுமுள்ளு.

"நீ துன்னு."

"நான் ஏன் துன்றேன்? நேத்து உன் டப்பாவ நான்தானே தேச்சேன்!"

வள்ளி கங்காதர நெல்லூர்ப் பக்கத்துக்காரி. அவள் அம்மா கரும்பு வெட்டப் போன நிலக்காரர் வீடுகளில், கொல்லைப்புறத்தில் அம்மாவுக்கென்று தனித் தம்ளர் கவிழ்ந்திருக்கும். இங்கே அப்படி ஒன்றுமில்லை; எல்லார் கையும் அவள் டப்பாவுக்குள் வந்தது. ஆனால் சேர்ந்த இந்த மூன்று மாதமாக அவள் டப்பாவில் மட்டும் கடைசித் துண்டு அப்படியே கிடந்தது. அதற்குத் தள்ளுமுள்ளுகூட இல்லை. மற்றவர்கள் டப்பாவை அவள் எத்தனையோ முறை கழுவிவிட்டாள். கூச்சத்தில் விடுகிறார்களா, வேறு எதனாலுமா? கேட்க வாய் வரவில்லை. மிஞ்சியதை ரூமுக்குக் கொண்டுபோய்த் தானே தின்றாள்.

ஆடியில் ஒரு நாள் கேழ்வரகு வெல்ல அடை கொண்டுவந்தாள். கைகள் மொய்த்து, ஒன்று மிஞ்சியது. வள்ளி வழக்கம்போல் மூடியை எடுத்தாள். மூடவில்லை. மடியில் வைத்துக்கொண்டாள்.

நகரியிலிருந்து வந்த சுமித்ரா கைவிரல்களைத் துடைத்தாள், துடைத்த விரல்களையே மறுபடி துடைத்தாள்.

"ஏமே, மூடேன். ஈ மொய்க்குது பார்" என்றாள் மூத்தவள் கமலம்மா.

"ஒண்ணு கீதுக்கா."

"கீது. எனக்கும் கண்ணு தெரியுது."

"சட்டம்னு ஒண்ணு கீதே."

கமலம்மா அடையைப் பார்த்தாள், வள்ளியின் மடியிலிருந்த மூடியைப் பார்த்தாள்.

"என் மருமவ ஒரு நாளாவது இப்பிடிச் சுட்டிருப்பாளா?" என்று முனகிக்கொண்டே அடையை வாயில் வைத்து, டப்பாவோடு எழுந்துபோனாள். வள்ளி திரும்பிப் பார்க்கவில்லை. குழாய்ச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் சொட்ட டப்பா வந்தது. வள்ளி அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

"மூலையில வெல்லம் ஒட்டிக்கினு கீது. இதுதான் நீ கழுவுற லட்சணமாக்கா?"

"அடிப்போடி! பெரிய மாமியாரு!"

டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு கமலம்மா மறுபடி குழாயடிக்கு நடந்தாள். அதற்குள் சங்கு ஊதிவிட்டது.