பெயர் பார்த்து உருட்டிய பேய்

எங்கள் ஹப்சிகுடா வீட்டில் ஒரு பேய் இருந்தது. பகலில் மட்டும்தான் வேலை பார்க்கும். அதுவும் அப்பா வெளியே போயிருக்கும்போது.

ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் ஓய்வுபெற்று, குவார்ட்டர்ஸைக் காலிசெய்துவிட்டு வந்த பிறகும், காலை டிபன் முடிந்ததும் அப்பா இரண்டு பஸ் மாறி அங்கேயே போய்விடுவார். பழைய கூட்டாளிகள், டீ, அரட்டை. எனக்கு பேகம்பேட்டில் ஆபீஸ். அம்மாவுக்கோ இந்தத் தெருவில் பேச ஒரு ஆள் கிடையாது. அது எங்கள் இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை. இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஒருநாள் அம்மா போன் செய்தாள். "பரண்லேர்ந்து பாத்திரம் தானா விழுதுடீ!" மறுநாளும் விழுந்தது. எதிர்வீட்டுத் தெலுங்கு அம்மாள், "அம்மோ, தெய்யம்!" என்று பேயைச் சொல்லி அலறி, வாசலில் எலுமிச்சம்பழம் கட்டிவிட்டுப் போனாள்.

"பேயாவது பிசாசாவது, நக்கோ, அந்தப் பேச்சே வேணாம்! நானே பாத்துக்கறேன்" என்று அப்பா சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பத்து நாள் ஒரு கரண்டிகூட அசையவில்லை. அவருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, என்னைக் கண்டா பேய்க்கே உதறல்!" அம்மா தினமும் பஜ்ஜி போட்டுக் கொடுத்தாள். பேச்சும் சிரிப்புமாக வீடே மாறிப்போனது.

விழுந்த பாத்திரங்களை அடுக்கும்போதுதான் கவனித்தேன். எங்கள் வீட்டில் பெயர் வெட்டாத பாத்திரமே கிடையாது. நசுங்கியவை எல்லாம் அப்பாவின் பெயர் வெட்டியவை, தொழிற்சாலை நண்பர்கள் பரிசாகக் கொடுத்தவை. அம்மா பெயர் வெட்டிய சீர்ப்பாத்திரங்களில் ஒரு கீறல் இல்லை. அடேயப்பா, எழுத்துக்கூட்டிப் படிக்கிற பேய்! எல்லாவற்றையும் பழையபடி பரணில் ஏற்றி வைத்தேன்.

பதினோராம் நாள் அப்பா செருப்பை மாட்டினார். "அதான் பேய் ஓடிப்போச்சே. ஒரு நடை போயிட்டு வந்துடறேன்."

அன்று எனக்கு விடுமுறை. அப்பா வாசலைத் தாண்டுவதற்குள் சமையலறையில் டமால் என்று ஒரு சத்தம். அப்பாவும் நானும் ஓடினோம். அம்மாவின் சீர் தவலை ஒரு பக்கம் நசுங்கித் தரையில் கிடந்தது. அம்மா எங்களைப் பார்க்காமல் அணைந்திருந்த அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்திருந்தது.

அப்பா குனிந்து தவலையை எடுத்தார். கழுத்தில் வெட்டியிருந்த அம்மாவின் பெயரைப் படித்தார். செருப்பைக் கழற்றினார்.

"ரெண்டு டம்ளர் காபி போடும்மா" என்றார் என்னிடம். "நான் பேயோட உக்காந்து குடிக்கணும்."