எண்ணெய், மாத்திரை, தறிச் சத்தம்

எண்ணெய் தேய்க்கிற தொழிலில் கை வலிக்கிறதைவிட, "எத்தனை நாள்ல நல்லாகும்?" என்கிற கேள்விக்குப் பதில் சொல்லி வாய் வலிக்கிறதுதான் அதிகம். வீட்டில் நோயாளியை வைத்திருக்கிறவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

முதல் கேள்வி

தொண்ணூறுகளில் கோயமுத்தூரில் ஒரு வைத்தியசாலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். சூலூரிலிருந்து பழனிசாமி என்று ஒரு தறிக்காரரை மகன் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். வலது கை நடுக்கம், வாசற்படி கண்டால் கால் ஒட்டிக்கொள்ளும். பார்க்கின்சன் என்று டாக்டர் சொல்லி மாத்திரை கொடுத்திருந்தார். அவருக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். வீட்டுக்கு எதிரே இருக்கும் தன் தறிக் கொட்டகைக்கு யார் கையும் பிடிக்காமல் நடந்து போகணும்.

"நோய் போகாதுங்க. இறுகின சதை கொஞ்சம் இளகும், தூக்கம் வரும். அவ்வளவுதானுங்க" என்றேன். மனுசன் சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

"நாலு ஊர் சுத்திட்டேன், போகாதுன்னு சொல்லிப்போட்டுத் தேய்க்கிற ஆளு நீங்க ஒருத்தர்தானுங்க."

மாத்திரையை நிறுத்தினது

பத்து நாளில் தோள் இளகி, நன்றாகத் தூங்கினார். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது. அடுத்த திங்கட்கிழமை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். உடம்பு பலகை மாதிரி. வாயைத் திறக்கவே சிரமம். எண்ணெயில் சுகம் கண்டு, மாத்திரையைத் தானாகவே நிறுத்திவிட்டார்.

நான் அவரைத் தொடவே இல்லை. எண்ணெய்ச் சட்டியைத் தள்ளி வைத்து, "மொதல்ல டாக்டர்கிட்டப் போங்க" என்று அனுப்பினேன். வந்த ஆளைத் திருப்பி அனுப்பியதற்கு முதலாளியிடம் திட்டும் வாங்கினேன். அன்றிலிருந்து யார் வந்தாலும், "மாத்திரை போட்டாச்சுங்களா?" என்று கேட்டுத்தான் சட்டியையே சூடு பண்ணுவேன். இரண்டு வாரம் கழித்துத் தேறி வந்தவர் சொன்னார்:

"நீங்களே எண்ணெயைத் தள்ளி வெச்சீங்க பாருங்க, அப்பத்தான் எனக்குப் பயமே வந்துதுங்க."

ஓடின தறி

பிறகு அவர் வீட்டுக்கே போய்த் தேய்த்தேன். அப்பா தடுமாறி ஓடுகிற தறிமேல் விழுந்துவிடுவார் என்று, கொட்டகைக்குக் கூட்டிப் போகும்போதெல்லாம் மகன் தறியை நிறுத்திவிடுவார். ஒரு நாள் மகன் திருப்பூர் போயிருந்தார், கூலியாள் தறி ஓட்டிக்கொண்டிருந்தார், நிறுத்தச் சொல்ல ஆளில்லை. வழக்கம்போல வாசலில் கால் ஒட்டிக்கொண்டது. எதிரே தறி டக்கு டக்கு என்று ஓடுகிறது. அவருடைய கட்டைவிரல் அந்தச் சத்தத்துக்குத் தாளம் போடுவதைப் பார்த்தேன்.

"அந்த டக்குக்கு ஒரு அடி வைங்க" என்று கையை விட்டேன். வைத்தார். அடுத்த டக்குக்கு இன்னொன்று. நான் பக்கத்திலேயே போனேன், பிடிக்கவில்லை. கொட்டகைக்குள் போய் ஓடுகிற துணியைத் தடவிப் பார்த்தார். அவர் வீட்டம்மா பின்னாலேயே ஓடி வந்து சொன்னார்:

"முப்பது வருசமா இந்தச் சத்தத்தை நிறுத்தித் தொலைங்கன்னு கத்திட்டிருந்தேனுங்க, இனி நிறுத்துனாத்தான் கத்தோணும்."

டாக்டர் முன்னால்

அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது பழனிசாமி என்னையும் இழுத்துப் போனார். எண்ணெய்க்காரனைத் திட்டுவார் என்று ஓரமாக நின்றேன். "நடங்க" என்றார் டாக்டர், கால் நகரவில்லை. நான் மேஜையில் விரலால் டக்கு டக்கு என்று தட்டினேன். பழனிசாமி சுவர் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். டாக்டர் எனக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்துச் சொன்னார்:

"நோய் அப்படியேதான் இருக்குதுங்க, மாத்திரையும் இருக்கட்டும், உங்க தாளமும் இருக்கட்டும்."

இத்தனை வருசம் எண்ணெயில் ஊறின கைக்கு, டாக்டர் முன்னால் நாற்காலி வாங்கித் தந்தது எண்ணெயே படாத ஒரு மேஜைதான்.