கண்ணாடிக் கெளுத்தி வாங்க வந்தவர்கள்

அலங்கார மீன் கடையில் நிற்கிறவளுக்கு மீன் தெரிவதைவிடப் பேசத் தெரிவது முக்கியம். எனக்கு மீன் தெரியும், பேச்சுதான் வராது. புதுக்கடை சந்திப்புக்குப் பக்கத்தில் ஒரு கடையில் மூன்று வருஷமாக வேலை பார்க்கிறேன். ஆள் வந்தால் தொட்டிகளுக்குப் பின்னால் போய் வலையைக் கழுவிக்கொண்டு நிற்பேன். கடைகளில் நிற்கிற உங்களில் பாதிப் பேர் இப்படி ஒரு வேலையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒளிந்திருப்பீர்கள், எனக்குத் தெரியும். கண்ணாடிக் கெளுத்தி வந்த பிறகு எனக்கு ஒளிய இடம் இல்லாமல் போய்விட்டது.

நான் கேட்டு வந்த மீன்

பிள்ளையைத் தூங்கவைக்கும்போது போனில் சத்தத்தைக் குறைத்துவிட்டு மீன் வீடியோ பார்ப்பேன். அப்படிப் பார்த்ததுதான் கண்ணாடிக் கெளுத்தி. ஒரு விரல் நீளம். உடம்பு வழியாகப் பின்னால் நிற்கிற செடி தெரியும், முள்ளை எண்ணிவிடலாம். குடலெல்லாம் தலைக்குப் பக்கத்தில் வெள்ளிப் பொட்டு மாதிரிச் சுருண்டிருக்கும். லேசில் செத்துப்போகும் என்று எங்கள் பக்கத்துக் கடைகளில் யாரும் எடுப்பதில்லை.

"எடுத்துப் பாப்பமா?" என்று முதலாளி செல்வன் அண்ணனிடம் கேட்கவே எனக்கு இரண்டு வாரம் ஆனது. அவர் எட்டு மீனுக்குச் சொல்லிவிட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஷீபா, இது ஒனக்க மீனு. உயிரோட ஒரு நல்ல வீட்டுக்குப் போச்சுன்னா, இனி கடைக்கு என்ன எடுக்கணும்னு நீதான் சொல்லணும். செத்துதுன்னா பழையபடி தொட்டி கழுவு."

ஒரு கை உப்பு

புதிதாக எந்த மீன் வந்தாலும் தொட்டியில் ஒரு கை கல் உப்பு போடுவது எங்கள் கடை வழக்கம். நோய் வராது. கெளுத்திக்குச் செதில் கிடையாது, உப்பு அதன் தோலைச் சுட்டுவிடும் என்று படித்துப் படித்து வைத்திருந்தவள் நான். ஆனால் பையை அவிழ்த்து மீனை விட்டதும் மூன்று வருஷப் பழக்கத்தில் என் கை தன்பாட்டுக்கு உப்பு டப்பாவுக்குள் போய்விட்டது. போட்ட பிறகுதான் புத்தி வந்தது. அதற்குள் கண்ணாடியாக இருந்த உடம்பில் பால் கலந்த மாதிரி வெண்மை ஏற ஆரம்பித்தது.

பக்கத்துத் தொட்டியிலிருந்து ஒரு சின்னக் குழாயைப் போட்டு, நடுவில் ஒரு முடிச்சுப் போட்டு, சொட்டுச் சொட்டாக நல்ல தண்ணீரை இறக்கினேன். உப்புத் தண்ணீரை அடியிலிருந்து எடுத்துக்கொண்டே இருந்தேன். மத்தியானச் சோற்றுக்குக்கூட எழும்பவில்லை. சாயங்காலம் ஏழு மீன் மறுபடியும் கண்ணாடி ஆனது; ஒன்று வெள்ளையாகவே கிடந்தது. வேறு ஏதாவது காரணம் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. உப்பு நான்தான் போட்டேன் என்று மட்டும் சொன்னேன். அண்ணன் செத்த மீனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் போட்டிருந்தா எட்டும் போயிருக்கும். போ, போய்ச் சோறு தின்னு."

சதை இல்லாத கெளுத்தி

மீன் விற்று முடித்த ஒரு கடற்கரை அம்மா பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது என்று கடைக்குள் வந்தார். கெளுத்தி என்று காதில் விழுந்ததும் தொட்டியில் மூக்கை வைத்துத் தேடினார்.

"ஏட்டி, இதா கெளுத்தி? புளிமுளம் வைக்க ஒரு துண்டு சதை இல்லியே."

"இது கறிக்கு இல்ல அம்மா. பாக்கதுக்கு."

அவர் இன்னொரு தடவை குனிந்து பார்த்தார். பின்னால் இருந்த செடியைத்தான் பார்த்திருப்பார். "கண்ணுக்குத் தெரியாத மீனைப் பாக்கதுக்கு எதுக்குட்டி ஒரு தொட்டி?"

பால்காய்ச்சு வீடு

துபாயிலிருந்து வந்த ஒருவர் ஏழு மீனையும் கேட்டார். வியாழக்கிழமை புது வீட்டுக்குப் பால்காய்ச்சு. வரவேற்பறைச் சுவரில் தொட்டி பதித்திருக்கிறார். வந்தவர்கள் அசந்துபோக வேண்டும். அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. நான் வலையைக் கையில் எடுக்கவில்லை.

"தொட்டியில வெள்ளம் எப்ப நிறைச்சீங்க?" என்று கேட்டேன்.

"புதன்கிழமை நிறைப்பேன்."

புதுத் தண்ணீரில் இது இரண்டு நாள் தாங்காது, தொட்டி இரண்டு மாசமாவது பழக வேண்டும் என்று சொன்னேன். ஒரு ஆளிடம் நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. வேண்டுமானால் பால்காய்ச்சுக்கு நாலு கப்பி மீன் கொண்டுபோங்கள், அது எதையும் தாங்கும் என்றும் சொன்னேன். அவர் கப்பியை வாங்கிக்கொண்டார். வாசலில் நின்று திரும்பிக் கேட்டார்: "நான் துபாயில எறங்கின மறுநாளே வேலைக்குப் போனேன். இதுக்கு மட்டும் ரெண்டு மாசம் பழகணுமாக்கும்?"

ஒரு ஜோடி

நம் ஆட்கள் மீனை ஜோடியாகத்தான் கேட்பார்கள். கல்யாணமாகி மாசம் ஆகாத ஒரு தம்பதியும் அப்படித்தான் கேட்டார்கள். குறைந்தது ஆறு சேர்ந்திருந்தால்தான் இது தின்னும், இரண்டாக விட்டால் மூலையில் ஒதுங்கிப் பட்டினி கிடக்கும் என்றேன்.

மாப்பிள்ளை சிரித்தார். "அப்ப இதும் இவளப் போலதான். அம்மை வீட்டுக் கூட்டம் இல்லன்னா சோறு எறங்காது."

அந்தப் பெண் என்னைப் பார்த்துக்கொண்டே அவருக்குப் பதில் சொன்னாள். "அத மீனு சொல்லித்தான் உங்களுக்குத் தெரியணுமா?"

இரண்டு ஊமைகள்

மீன் வந்து ஒரு மாசம் ஆகிவிட்டது. "இது கடையா, காட்சிசாலையா?" என்று அண்ணன் கேட்கத் தொடங்கியிருந்தார். அந்தச் சமயத்தில்தான் அருமனைப் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிற ஒருவர் வந்தார். முதல் நாள் தொட்டி முன்னால் கால் மணி நேரம் நின்றுவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். நானும் கேட்கவில்லை. இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை, தன் வீட்டுத் தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

ஒரு வருஷத் தொட்டி. உள்ளே நிறையச் செடி. ரப்பர் மரத்து நிழலில் பகலிலும் வெளிச்சம் குறைந்த அறை. எனக்குக் கொடுத்துவிட ஆசை வந்துவிட்டது. அதனாலேயே குறையை எல்லாம் முதலில் சொன்னேன். வெளிச்சம் போட்டால் ஒளியும், உப்பும் மருந்தும் ஆகாது, கடைத் தீனியைத் தொடாமல் போனாலும் போகும், விருந்தாளி வந்தால் காட்ட முடியாது. அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கடைசியில் ஒன்றுதான் கேட்டார்: "பயந்தா ஒளியதுக்கு எத்தற எடம் வேணும்?"

நான் ஏழு மீனையும் பிடித்துக் கொடுத்துவிட்டேன். மூன்றாம் நாள் போன் வந்தது, ஒன்றையும் காணவில்லை என்று. ஏழும் போய்விட்டது என்றே நினைத்தேன். செடியைக் கிளற வேண்டாம், கொசுப்புழு போட்டுவிட்டுத் தள்ளி நில்லுங்கள் என்று மட்டும் சொன்னேன். அதற்குப் பிறகு போனே இல்லை. கேட்க எனக்கும் தைரியம் இல்லை. அண்ணனும் கேட்கவில்லை, வலையும் பிரஷும்தான் என் கையில் இருந்தது.

அடுத்த மாசம் அவரே செடி வாங்க வந்தார். அண்ணன்தான் மீனைப் பற்றிக் கேட்டார். "ஏழும் உண்டு சாரே," என்றார் அவர். "சட்டை போட்டுட்டு வந்தா ஒளியும். வெட்டுக்குப் போற கைலியோட வந்தா முன்னால வந்து நிக்கும்."

அவர் போன பிறகு அண்ணன் ஆர்டர் நோட்டை என் பக்கம் நகர்த்தினார். எட்டாம் வகுப்போடு நின்றவள், பேனாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். அவர் சொன்னார்: "எழுது பிள்ளே. எழுத்து தப்பினா ஒண்ணும் இல்ல, மீனு தப்பாம இருந்தாப் போதும்."

வந்தவர்களில் முக்கால்வாசிப் பேரை, கேட்டதைக் கொடுக்காமல் அனுப்பித்தான் நான் விற்பனைக்காரி ஆனேன்.