பிளாஸ்திரி ஒட்டிய ஜப்பான் கேசட்

நர்கிஸ் திருச்சுழியில் பிறந்தவள். பாளையம்பட்டியில் வாழ்க்கைப்பட்டாள். இரண்டு ஊருக்கும் நடுவே பஸ் ஓடுகிறது. அதில் அவள் தனியாக ஏறியதில்லை.

கல்யாணமான கொஞ்ச நாளில் கணவன் சிக்கந்தர் சவூதிக்குப் போனான். ஜப்பான்காரர்கள் ஆலை கட்டிக்கொண்டிருந்த இடத்தில் சமையல் கூடத்து வேலை. எண்பத்தேழில், ஊருக்கு வந்த ஒருவர் கையில் டேப்ரெக்கார்டரும் ஒரு கேசட்டும் கொடுத்தனுப்பினான். கேசட்டின் அட்டையில் தோல் சட்டை போட்ட, நீளமுடி ஆண்கள் நின்றார்கள். எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து.

போட்டதும் சிக்கந்தரின் குரல் வந்தது. சலாம் சொன்னான். எல்லோரையும் விசாரித்தான். பிறகு சொன்னான்: "இது ஒரு ஜப்பான்காரன் ஊருக்குப் போகையில விட்டுட்டுப் போன கேசட்டு. அவுக ஊருல இது பேர்போன கூட்டமாம். சனங்களுக்கு ரொம்பப் பிடிச்ச பாட்டாப் பொறுக்கிப் போட்டிருக்காம். எனக்கு ஒண்ணும் விளங்கல. நீங்க இதுமேலயே பேசி அனுப்புங்க."

டக்கென்று ஒரு சத்தம். குரல் போய், ஏதோ ஒரு பாட்டின் நடுவிலிருந்து முரசடி கிளம்பியது.

மாமியார் நூர் பீவி காதைப் பொத்திக்கொண்டாள். "யா அல்லா, இவனுகள யாரு போட்டு அடிக்கிறா?"

"யாரும் அடிக்கல. அவனுகளே அடிச்சுக்கிறானுக" என்றார் மாமனார் மதார் சாகிபு.

நர்கிஸ் நிறுத்தப் போனாள். நூர் பீவி தடுத்தாள். பாதியில் நிறுத்தித் திருப்பினால் டேப்பு சிக்கிக்கொள்ளும் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். "ஒரு பக்கம் முச்சூடும் ஓடி முடியட்டும். சத்தத்தைக் குறைச்சிட்டுப் பக்கத்துல இரு புள்ள. என்னால ஆகாது."

எல்லோரும் எழுந்து வெளியே போனார்கள். அந்த வீட்டில் நர்கிஸ் தனியாக இருந்தது அதுவே முதல் முறை. பெட்டியில் காதை ஒட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பதில் பேசும் நாள் வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்த பிறகு. மதார் சாகிபு முதலில். பிறகு நூர் பீவி. பிறகு பக்கத்து வீட்டுக்காரர்கள். எல்லோரும் சலாத்திலிருந்து தொடங்குவார்கள். மழை இல்லாதது, ஆடு ஈன்றது, யார் வீட்டில் சாவு எல்லாம் பேசுவார்கள். கடைசியில் நர்கிஸை முன்னால் தள்ளுவார்கள். "நல்லா இருக்கேன். உடம்பைப் பாத்துக்கங்க" என்பாள். எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். வேறு எதையும் அந்தக் கூடத்தில் சொல்ல முடியாது.

நூர் பீவி ஒரு கட்டளை வைத்திருந்தாள். மகன் குரல் அழியக் கூடாது. அவன் பேசி முடித்த இடத்துக்கு அப்புறம்தான் இவர்கள் பேச வேண்டும். இவர்கள் முடித்த இடத்துக்கு அப்புறம் அவன். கேசட் போய்ப் போய் வந்தது. ஒவ்வொரு முறையும் பேச்சு நீண்டது, பாட்டு குறைந்தது. ஆடு ஈன்ற சேதி ஒரு பாட்டைத் தின்றது. பக்கத்து வீட்டுக்காரியின் மூட்டுவலி இன்னொன்றைத் தின்றது.

கேசட் வீட்டில் இருக்கும் நாட்களில், மகன் குரலைக் கேட்க நூர் பீவி அடிக்கடி போடச் சொல்வாள். குரல் முடிந்ததும் எழுந்து போய்விடுவாள். நர்கிஸ் காத்திருந்தது அதற்குத்தான். பாடுகிறவன் எதற்காகக் கத்துகிறான் என்று அவளுக்குத் தெரியாது. கத்துவதற்கு அவனுக்கு ஓர் இடம் இருந்தது.

நடுவில் ஒருமுறை சிக்கந்தர் விடுப்பில் வந்தான். வீடு நிறைய ஆட்கள். பாட்டைப் பற்றி அவனிடம் சொல்ல நினைத்தாள். அதற்குள் அவன் பெட்டி கட்டினான்.

தொண்ணூற்றொன்றில், இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு மட்டும் மிஞ்சியிருந்தது. மற்றவை போல அது இல்லை. மெதுவானது. அதுவரை கத்தியவன் அதில் கத்தவில்லை. இரண்டு வரிக்கு நடுவில் அவன் மூச்சு வாங்குவது கேட்கும். அவளுக்கு அந்த மூச்சுதான் பாட்டு.

பாட்டுக் கேசட்டின் விளிம்பில் இரண்டு பள்ளம் இருக்கும். அவற்றை அடைத்தால்தான் மேலே பேசிப் பதிய முடியும். சிக்கந்தர் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியால் அடைத்திருந்தான். வியாழக்கிழமை நர்கிஸ் அதை நகத்தால் உரித்து அடுப்பில் போட்டாள்.

வெள்ளிக்கிழமை, பதிவதற்கான சிவப்புப் பொத்தான் அமுங்கவில்லை. மதார் சாகிபு அழுத்தினார். நூர் பீவி அழுத்தினாள். பக்கத்து வீட்டுக்காரியும் கேட்டு வாங்கி அழுத்திப் பார்த்தாள்.

"சாமான் கெட்டுப்போச்சு" என்றாள் நர்கிஸ்.

ரேடியோக் கடை இன்பராஜை அழைத்து வந்தார்கள். அவன் பெட்டியைத் திறக்கவேயில்லை. கேசட்டை எடுத்து விளிம்பைத் தடவினான். நகக்கீறல் புதிதாக இருந்தது. ஒரு தடவை நர்கிஸைப் பார்த்தான்.

"பெட்டி நல்லாத்தான் இருக்கும்மா. ஒட்டினது பழசாகி உதிர்ந்துருச்சு."

"அம்புட்டுத்தானா? இவ என்னமோ பயங்காட்டிட்டா" என்றாள் நூர் பீவி.

காட்டிக்கொடுக்கவில்லை என்ற திருப்தியோடு அவன் ஒரு நல்ல பிளாஸ்திரியை எடுத்தான். இனி உரியாதபடி இரண்டு சுற்றாக ஒட்டிக் கொடுத்தான்.

எல்லோரும் பேசினார்கள். நர்கிஸும் நல்லா இருப்பதாகச் சொன்னாள். அன்று பதிவை நிறுத்துவதற்கு முன் வாசலில் தண்ணீர் லாரி வந்துவிட்டது. குடத்தைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ஓடினார்கள். உலை கொதித்துக்கொண்டிருந்ததால் நர்கிஸ் அடுப்படிக்குப் போனாள். கூடத்தில் டேப்பு ஓடிக்கொண்டே இருந்தது, கடைசிப் பாட்டின் மேல், கடைசி வரைக்கும்.

கேசட் போனது. திரும்பி வரவில்லை. சில மாதம் கழித்துப் புதுக் கேசட் ஒன்று வந்தது. அட்டையில் ஆட்கள் இல்லை.

எல்லோரும் உட்கார்ந்து கேட்டார்கள். கான்ட்ராக்டை இன்னும் இரண்டு வருசம் நீட்டியிருப்பதாகச் சிக்கந்தர் சொன்னான். நூர் பீவி கண்ணைத் துடைத்தாள். அவன் குரல் தயங்கியது.

"பழைய கேசட்டு ரொம்பிப் போச்சு. அது எங்கிட்டயே இருக்கட்டும். கடைசில யாருமே பேசல. பாத்திரச் சத்தம், கோழிச் சத்தம்... நர்கிஸு என்னமோ முணுமுணுத்துப் பாடுது. ரூம்ல ஆள் இல்லாதப்ப அதத்தான் போட்டுக் கேக்குறேன். அது என்ன பாட்டு நர்கிஸு?"

நூர் பீவி திரும்பினாள். மதார் சாகிபு திரும்பினார். பேச்சு முடிந்தது. டேப்பு ஓடியது. அதில் இரைச்சல் மட்டும் இருந்தது. யாரும் எழுந்து போகவில்லை.

"பாடினியாக்கும்?" என்றாள் நூர் பீவி.

அடுத்த வெள்ளிக்கிழமை நர்கிஸின் முறை வந்தது. பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். கூடம் முழுக்க அவள் வாயைப் பார்த்தது. மூச்சை உள்ளே இழுத்தாள்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லு புள்ள" என்றார் மதார் சாகிபு.

"பாட்டெல்லாம் ஒண்ணுமில்ல" என்றாள் நர்கிஸ். "அடுப்பு ஊதிக்கிட்டிருந்தேன்."

நூர் பீவி கையை நீட்டி நிறுத்தும் பொத்தானை அமுக்கினாள்.