கண்ணாடிப் பெட்டியும் வெள்ளிக்கிழமை அண்ணனும்

என் மேசைமேல் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. கம்ப்யூட்டர் பாகங்களையெல்லாம் உள்ளே வைத்துப் பூட்டுகிற கேபினெட். இப்போது அதற்குள் எல்லாம் ஜோராக ஓடுகிறது. ஆனாலும் அதைப் பார்க்கிறபோதெல்லாம், ஒன்பது மாதம் அது வெறும் டப்பாவாக உட்கார்ந்திருந்த காலம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. அம்மா அதில் ரேஷன் கார்டையும் கரண்ட் பில்லையும் போட்டு வைத்திருந்தாள். "வெறும் டப்பாவ வச்சிக்குனு இன்னாடி பண்ணப் போற?" என்று வீட்டுக்கு வருகிறவர்கள் எதிரிலேயே கேட்பாள். எல்லாம் குவைத்தில் இருக்கிற என் அண்ணனால் வந்த வினை.

அண்ணன் அங்கே ஏசி மெக்கானிக். வெள்ளிக்கிழமை லீவு, அன்றைக்குத்தான் பேசுவான். கேம் விளையாடுகிற கம்ப்யூட்டரை முழுசாக வாங்காதே, பாகம் பாகமாகப் பார்த்து எடுக்கலாம் என்றவன் அவன்தான். லீவில் ஊருக்கு வந்தபோது கேபினெட்டை வாங்கிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினான். அதோடு சரி. நான் ஒரு பிராசஸரைச் சொன்னால், "அது சூடாவும் பாப்பா" என்பான். கிராபிக்ஸ் கார்டைச் சொன்னால், "நம்மூரு பாறைச் சூடு பொழுது சாஞ்சாலும் உடாது, உனக்குத் தெரியாதா?" என்பான். உலகத்தில் எதைக் காட்டினாலும் அவனுக்கு அது சூடாகிற சாமான்தான். ஒருநாள் மத்தியானம் மூன்று மணிக்கு அறையின் சூட்டை அளந்து சொல்லச் சொன்னான். வீட்டில் இருந்தது காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர். அதையே மேசைமேல் வைத்தேன். நூற்று மூன்று காட்டியது. "ரூமுக்குக் காய்ச்சலா? மாத்திர குடுக்கட்டுமா?" என்றாள் அம்மா. போட்டோ எடுத்து அனுப்பினேன். "நான் சொல்லல?" என்று குதூகலமாகச் சொல்லி, முந்தின வாரம் தானே சரியென்ற கார்டையும் வேண்டாம் என்றுவிட்டான். போனைச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது.

எனக்கு அவசரம் இருந்தது. என்னோடு கல்லூரியில் படித்த நான்கு பேர் ஒரு குழுவாகச் சேர்ந்து ஆன்லைன் கேம் போட்டிகளில் விளையாடினார்கள், ஐந்தாவது ஆள் நான். என் பழைய லேப்டாப் நட்டநடு ஆட்டத்தில் உறைந்துபோய், என்னால் இரண்டு முறை தோற்றார்கள். பொங்கலுக்குள் சரிசெய்யாவிட்டால் வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள். அண்ணனிடம் சொன்னேன். "அடுத்த மாசம் புது மாடல் வருதாம், பொறு" என்றான். பொறுத்தது போதும் என்று, ஜெராக்ஸ் கடைச் சம்பளத்தில் சேர்த்ததை எடுத்துக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறினேன். ஒரே நாளில் எல்லாம் வாங்கிப் பூட்டியாயிற்று. ரேஷன் கார்டு பீரோவுக்குப் போனது. குழுவில் என் இடமும் தப்பியது.

வெள்ளிக்கிழமை அவனிடம் சொன்னேன். கத்துவான் என்று தயாராக இருந்தேன். கத்தவில்லை.

"நல்லா ஓடுதா?"

"ஓடுதுண்ணா."

"சூடாவுதா?"

"இல்லண்ணா."

"சரி பாப்பா. சாப்டியா?"

இரண்டு நிமிஷத்தில் பேச்சு முடிந்துவிட்டது. அடுத்த வாரமும் அப்படித்தான். அதற்கடுத்த வாரம் போனே வரவில்லை. "முன்னல்லாம் ஒரு மணி நேரம் பேசுவான். வேல ஜாஸ்தி போல" என்றாள் அம்மா. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் முதன்முதலாகக் குவைத்துக்கு விமானம் ஏறியபோது நான் பள்ளிக்கூடச் சீருடையில் இருந்தேன். என் சிநேகிதிகளை அவனுக்குத் தெரியாது, அவன் அறையில் யார் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது இந்த டப்பா ஒன்றுதான். அதையும் நானே மூடிவிட்டேன். அழுகை வந்தது. இதை வாய்விட்டுச் சொல்லத் தெரியாதவன்மேல் கோபமும் வந்தது.

நானே போன் போட்டேன். "அண்ணா, மேல ஒரு ஃபேன் போடற எடம் காலியா இருக்குது. எது போடலாம்?"

"அகலம் எவ்ளோ? ஸ்கேல வச்சி ஒழுங்கா அளந்து சொல்லு" என்றான். மறுநாள் காலையில் ஏழு வாய்ஸ் மெசேஜ் வந்திருந்தது.

இரண்டு வருஷமாயிற்று. ஒரு ஃபேன் சத்தம் போடுமாம், இன்னொன்று தூசி இழுக்குமாம். கண்ணாடி வழியே அந்தக் காலியிடம் இன்னும் தெரிகிறது. போன வெள்ளிக்கிழமைகூட, "ஐயோ, ஒரு ஃபேனுதானேண்ணா!" என்று கத்தினேன். "அவசரப்படாத பாப்பா. இப்ப ரூம்ல எவ்ளோ சூடு?" என்றான்.

நான் எழுந்திருப்பதற்குள் அம்மா தெர்மாமீட்டரை உதறிக்கொண்டே வந்து நின்றாள்.