இழுத்து வந்த வண்டி

ஜெயவேல் அந்த ஃபார்கோ பிக்கப் வண்டியை ஆரணிக்குக் கொண்டுவந்தபோது அதன் முன்னால் இரண்டு மாடுகள் நடந்து வந்தன. போளூரில் ஒரு அரிசி மில்லின் பின்புறம் எருக்கஞ்செடிகளுக்கு நடுவே கிடந்த வண்டி அது. மோட்டார் இறுகிப் போயிருந்தது. இரண்டு கதவில் ஒன்றுதான் இருந்தது. ஒரு பகல் முழுக்க மாடுகள் இழுத்துப் பொழுது சாயும் நேரத்தில் நெசவாளர் தெருவுக்குள் நுழைந்தது. தொண்ணூற்று மூன்றாம் வருஷம். தெருவில் எல்லாரும் தறியை விட்டு எழுந்து வாசலுக்கு வந்தார்கள்.

எதிர்வீட்டுத் தருமன்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"இன்னா ஜெயவேலு, மாட்டுக்கு மோட்டார் வாங்கினியா, மோட்டாருக்கு மாடு வாங்கினியா?"

"சிரிச்சிக்கோ. இப்ப இழுத்துகினு வந்துட்டேன். இந்தத் தெருவ வுட்டுப் போறப்ப அதுவா போவும். இன்னொரு தபா கயிறு போட வுடமாட்டேன்."

"இழுத்துகினு வர்றது பொணந்தான்யா."

"அதான் சொல்றேன். போறப்ப அப்டி போவாது."

மகள் பரிமளா அப்போது பத்தாம் வகுப்பு. இந்தப் பேச்சு அவள் காதுபட நடந்தது. பதினான்கு வருஷம் கழித்து அது தன் தலையில் வந்து விழும் என்று அவள் நினைக்கவில்லை.

ஜெயவேல் பட்டு நெசவாளி. பாஞ்சாலை அவர் மனைவி, அவளும் நெசவாளி. வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் அவர், இன்னொன்றில் அவள். அமாவாசை தோறும் தறிக்கு லீவு. மற்ற ஆண்கள் அன்று சினிமாவுக்குப் போனார்கள், சீட்டாடினார்கள். ஜெயவேல் வண்டிக்கு அடியில் படுத்தார். மாதத்துக்கு ஒரு நாள் என்று வைத்து ஒரு வண்டியைச் சரிசெய்ய எவ்வளவு காலம் ஆகுமோ அவ்வளவு ஆனது. முதல் இரண்டு வருஷம் மோட்டாருக்குள் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, இறுகிய பிஸ்டன்களை ஒவ்வொன்றாக அசைத்ததிலேயே போனது. பிறகு பிரேக். பிறகு தகரம். கதவுக்காகப் பக்கத்து ஊரான சேத்துப்பட்டுக்குப் போனவர் அங்கே மைக்கேல்ராஜ் என்ற பள்ளிக்கூட வாத்தியாரைப் பிடித்தார். வாத்தியாருக்கும் பழைய வண்டிப் பைத்தியம். தோட்டத்தில் செத்த வண்டிகள் நான்கைந்து வைத்திருந்தார். கதவு கொடுத்தார், கார்பரேட்டர் கொடுத்தார், ஸ்டியரிங் கொடுத்தார்.

"வாத்தியாரே, எனக்கப்புறம் வண்டி உங்களுக்குத்தான்" என்றார் ஜெயவேல்.

"உனக்கு முன்னாடி நான் போயிட்டா?"

"அப்ப எனக்கே."

இதுதான் அவர்களுக்குள் இருந்த ஒப்பந்தம்.

வண்டி தெருவின் கோடியில், ஜெயவேல் வீட்டை ஒட்டிய காலி இடத்தில் தெருவைப் பார்த்தபடி நின்றது. சேலையின் நீளவாக்கு இழைகளான பட்டுப் பாவு ஒவ்வொன்றையும் விடிகாலையில் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி இழை சரிபார்ப்பது அங்கே வழக்கம். ஒரு முனையைக் கட்ட முளை வேண்டும். வண்டி வந்த சில மாதங்களில் பழைய முளை மக்கி விழுந்தது. தருமன் கேட்காமலே வண்டியின் முன் பம்பரில் தன் பாவைக் கட்டினார். பிறகு தெருவே கட்டியது. அசையாத வண்டி, நல்ல கனம். வண்டி ஓட ஆரம்பித்த பிறகும் கட்டினார்கள். பாவை அவிழ்க்கும் வரை ஜெயவேல் சாவியைத் தொடமாட்டார்.

வயரிங் வேலை தொண்ணூற்றொன்பதில் வந்தது. பரிமளா அப்போது எலக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்து ஓசூரில் ஒரு ஆலையில் பயிற்சியில் இருந்தாள். வண்டியைப் பார்த்துத்தான் பெண் அந்தப் படிப்புக்குப் போனாள் என்று ஜெயவேல் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். உண்மையில் அவள் மார்க்குக்கு அதுதான் கிடைத்தது. அவள் திருத்தவில்லை.

பழைய வயர்களை எலி தின்றிருந்தது. டேஷ்போர்டுக்கு அடியில் கை நுழையாத இடம். ஜெயவேலின் விரல்கள் தடி. பாஞ்சாலையைக் கூப்பிட்டார். தறியில் பழைய பாவு முடியும்போது புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய இழையோடு முறுக்கிப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. தெருவில் அந்த வேலைக்குப் பாஞ்சாலையின் கைதான் கை. விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு ஒரு திருகு திருகுவாள். பிணைத்த இடம் தெரியாது.

"நூலாட்டம்தான். பழசோட புதுச முறுக்கணும். அவ்ளோதான்" என்றார் ஜெயவேல்.

"எதோட எத?"

"கலரப் பாத்துக்கோ."

அவள் வயர்களுக்குச் சேலைக் கலர்களைப் பெயராக வைத்தாள். அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, எம்.எஸ். நீலம். ஒரே அமாவாசையில் எல்லாவற்றையும் பிணைத்து முடித்தாள். அவர் மேலே கருப்பு டேப் சுற்றினார். சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிந்தது. இரண்டாயிரத்து ஒன்றில் மோட்டாரும் பிடித்தது.

அதற்குப் பிறகு அமாவாசைக்கு அமாவாசை சாயங்காலம் ஜெயவேல் வண்டியை எடுத்தார். துடைத்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, போளூர் ரோட்டில் ஒரு டீக்கடை வரை. ஒரு டீ. திரும்பி வருவார். வேறு எங்கும் போகவில்லை, எதையும் ஏற்றவில்லை. ஒவ்வொரு தடவையும் பாஞ்சாலையைக் கூப்பிட்டார். ஒவ்வொரு தடவையும் அவள் சொன்ன பதில் ஒன்றுதான்.

"தறில சேல கீது. அறுத்துட்டு வரேன்."

நெய்து முடித்த சேலையைத் தறியிலிருந்து அறுத்ததும் அதே பாவில் அடுத்த சேலை தொடங்கிவிடும். தறி காலியாக இருந்த நாளே இல்லை. அமாவாசையன்று தறி நிற்கும், ஆனால் சேலை தறியில்தான் இருக்கும். அவள் ஏறவே இல்லை.

இரண்டாயிரத்து ஆறு ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. மழை நின்ற பிறகு வண்டி பிடிக்கவில்லை. ஜெயவேல் ஓசூருக்குப் போன் போட்டார்.

"செல்ஃப் சுத்துது பரிமளா. புடிக்க மாட்டேங்குது."

"ஸ்பார்க் பாத்தியாப்பா?"

"வருது. ஒல்லியா வருது."

"அப்ப வயரிங்க பாரு."

"அது உங்கம்மா போட்டது. அதுல ஒண்ணும் இருக்காது. கார்பரேட்டர்தான்."

கார்பரேட்டரைக் கழற்றினார், மாட்டினார். மறுபடி கழற்றினார். மார்கழியில் ஒரு காலை தறியில் உட்காரப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தார். வேலூருக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

பரிமளா வந்தாள். செய்ய வேண்டியதைச் செய்தாள். ஆம்புலன்ஸ், சான்றிதழ், பந்தல், சொந்தக்காரர்களுக்குப் போன். அழவில்லை. அழக்கூடாது என்று எதுவும் இல்லை. வரவில்லை. காரியம் முடிந்த பிறகு ஒரு அத்தை அவள் காதுபடவே சொன்னாள்: "மெஷினு கூட வேல பாத்து இவளும் மெஷினாட்டம் ஆயிட்டா." பரிமளாவுக்குக் கோபமும் வரவில்லை. ஆலையில் மெயின் ஸ்விட்சை இறக்கினால் ஒரு அமைதி வரும். அது மாதிரி இருந்தது.

மாசியில், பரிமளா லீவில் வந்திருந்த சமயம், மைக்கேல்ராஜ் வந்தார். ரிடையர் ஆகியிருந்தார். டீயை ஆறவிட்டு, வெகுநேரம் தறியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பேசினார்.

"வண்டிய நான் கேக்க வரலீங்க. அவன் சொன்னான், அவ்ளோதான். உங்களுக்கு வேணும்னா இருக்கட்டும்."

"அவரு சொன்னா சொன்னதுதான் வாத்தியாரே. எடுத்துகினு போங்க" என்றாள் பாஞ்சாலை.

"அப்ப வர அமாவாசைக்கு டிராக்டர் கொண்டாரேன். கட்டி இழுத்துகினு போயிடலாம்."

"இழுத்துகினு போறதுன்னா வேணாம்."

"ஓடலியேம்மா."

"ஓடணும்." பாஞ்சாலை மகளைப் பார்த்தாள். "ஓடாம இந்தத் தெருவத் தாண்டாதுன்னு சொன்ன மனுஷன் அவரு. அவரையே தூக்கிகினு போயாச்சு. இத நான் இழுக்க வுடமாட்டேன். இன்னாடி, படிச்ச இல்ல? பாரு."

பரிமளா லீவை நீட்டினாள். பேட்டரியைக் கழற்றிச் சார்ஜுக்குக் கொடுத்து வாங்கிவந்து மாட்டினாள். மல்டிமீட்டரை எடுத்தாள். பேட்டரி முனையில் பன்னிரண்டரை வோல்ட். சாவியைப் போட்டு, ஸ்பார்க்குக்கு மின்சாரம் தருகிற காயிலில் வைத்தால் ஆறுகூட இல்லை. நடுவில் பாதி மின்சாரம் காணாமல் போகிறது. கார்பரேட்டருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஒரு டேப்பை உரித்தாள்.

முறுக்கு அழகாக இருந்தது. ஒரே சீர். அதன் மேல் பச்சை பூத்திருந்தது. இழைகளுக்கு நடுவே சாம்பல் ஈரம் குடித்துக் களிம்பாகியிருந்தது. அடுத்த டேப்பை உரித்தாள். அதிலும் அதே. அதற்கடுத்ததிலும்.

 டார்ச்சை வாயிலிருந்து எடுக்க அவளுக்குத் தோன்றவில்லை.

"இன்னா, கண்டுபுடிச்சிட்டியா?" வெளியே பாஞ்சாலையின் கால்கள் தெரிந்தன.

பேட்டரி என்று சொல்லிவிடலாம். காயில் என்று சொல்லலாம். அம்மாவுக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் பழுதுக்கு வேறு பெயர் வைத்து அவளுக்குப் பழக்கமில்லை.

"சாவிக்கும் காயிலுக்கும் நடுவுல போவுது. ஜாயிண்ட்டுல."

"நான் போட்டதுலயா?"

"ஆமாம்மா."

"அவுந்துக்கிச்சா?"

"அவுரல. நல்லாதான் கீது. சாம்பல் வெச்சிட்ட. நூலுக்கு சரி. செம்புக் கம்பிக்கு ஆவாது. மழைல ஈரத்த புடிச்சிகினு அரிச்சிடுச்சு."

பாஞ்சாலை குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"சாம்பல் இல்லாம எப்டிடி முறுக்கறது? வழுக்காதா?"

"கம்பி வழுக்காது."

"எனக்கு யாரு சொன்னா?" வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அவரு ஒரு தபா கூட சொல்லலியே."

"அவரு அங்க பாக்கவே இல்ல. உன் கை பட்டதுல பழுது இருக்காதுன்னாரு."

பாஞ்சாலை கதவிலிருந்து கையை எடுத்தாள். "சாவற மட்டும் அந்தக் கார்பரேட்டரக் கழட்டிக் கழட்டி மாட்டிகினு கெடந்தாரே, பாவி மனுஷன்" என்றாள். சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பரிமளா வெளியே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கையில் கிரீஸ். அம்மாவைத் தொடுவதா என்று பார்த்துவிட்டு, தொடாமல், சும்மா உட்கார்ந்திருந்தாள்.

பாஞ்சாலை மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள்.

"எல்லாத்தையும் வெட்டிடு."

"வெட்டிட்டு புது வயர் இழுத்து, நுனில பித்தள லக் போட்டுடறேன். ரெண்டு நாள் வேல."

"லக்கு கிக்கு எல்லாம் வேணாம். வெட்டிக் குடு, நானே போடறேன். கெடுத்தது நானு."

"முறுக்கினா மட்டும் போதாதும்மா. ஈயம் வெக்கணும்."

"நீ வெய்யி. நான் முறுக்கறேன்."

அப்படித்தான் செய்தார்கள். பரிமளா பச்சை பூத்த இடங்களை வெட்டிவிட்டு, நுனிகளைச் சுரண்டிக் கொடுத்தாள். பாஞ்சாலை சோப்புப் போட்டுக் கை கழுவி, வேறு துணியில் துடைத்துக்கொண்டு வந்தாள். முதல் வயரைத் தொட்டதும் அவள் வலது கை தானாகப் பக்கத்தில் சாம்பல் கிண்ணத்தைத் தேடியது. இல்லை. தன் கையைத் தானே ஒரு தட்டுத் தட்டிவிட்டு முறுக்கினாள்.

"அரக்கோட அரக்கு. வெய்யி."

பரிமளா சூட்டுக்கோலை வைத்தாள். ஈயம் உருகி முறுக்குக்குள் இறங்கியது. புகை கண்ணில் பட்டது.

"கிளிப்பச்ச. ஜல்தி வெய்யி, கை நோவுது."

"கைய எடும்மா. சுட்டுடும்."

"சுட்டா சுடட்டும்."

தருமன் தெருவுக்குக் குறுக்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா அண்ணி, தறிய இங்க மாத்திட்டீங்களா?"

"ஆமா, உனுக்கு ஒரு தாவணி நெய்யறேன், கட்டிக்கோ."

அமாவாசையன்று மைக்கேல்ராஜ் டிராக்டரோடு வந்தார். டிராக்டரின் பின்னால் தாம்புக் கயிறு சுருட்டி வைத்திருந்தது. அன்று லீவு என்பதால் தெருவே வாசலில் நின்றது. பம்பரில் பாவு இல்லை. பரிமளா ஏறி உட்கார்ந்தாள். வண்டி ஓட்ட அவளுக்கு ஜெயவேல் அதில்தான் கற்றுக் கொடுத்திருந்தார். சாவியைப் போட்டாள். செல்ஃப் சுற்றியது. பிடிக்கவில்லை.  சோக்கை இழுத்து இன்னொரு தடவை சுற்றினாள். இருமியது. மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. வெள்ளைப் புகை காலி இடம் முழுக்கப் பரவியது. பழைய ஆறு சிலிண்டர் மோட்டார். சத்தம் ஒரே சீராக வந்தது.

மைக்கேல்ராஜ் டிராக்டர்காரரைப் பார்த்துக் கையை ஆட்டினார். "கயிற எடுத்துகினு நீ கெளம்புப்பா."

பரிமளா கிளட்ச்சை மிதித்தபோது இடதுபக்கக் கதவு திறந்தது. சேத்துப்பட்டிலிருந்து வந்த அந்தக் கதவு. பாஞ்சாலை ஏறி உட்கார்ந்தாள்.

"தறில சேல கீதேம்மா."

"கெடக்கட்டும்."

"அப்ப நான் மூட்டையாட்டம் பின்னால ஏறிக்கிறேன்" என்று சொல்லி, மைக்கேல்ராஜ் வேட்டியை மடித்துக்கட்டிப் பின்புறம் ஏறினார். தருமன் தன் தோள்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

வண்டி தெருவைத் தாண்டியது. சேத்துப்பட்டு ரோட்டில் ஏறியது. வழி முழுக்கப் பாஞ்சாலை ஒரு கையை டேஷ்போர்டின் மேல் வைத்திருந்தாள், அடியில் வயர்கள் போகிற இடத்தில். பரிமளா மோட்டார் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தாள். ஒரு இடத்திலும் அது தடுமாறவில்லை.

மைக்கேல்ராஜின் தோட்டத்தில் வண்டியை நிறுத்திச் சாவியை அவர் கையில் கொடுத்தாள். வாத்தியாரின் மனைவி சாப்பிடச் சொன்னார். சாப்பிட்டார்கள். பிறகு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள்.

பஸ்ஸில் பாஞ்சாலை சொன்னாள்: "போறப்ப ஒரு வார்த்த பேசல நீ."

"சத்தம் கேட்டுகினு இருந்தேன்."

"எப்டி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சும்மா."

பாஞ்சாலை தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் ஆள்காட்டி விரல் நுனியில் சூட்டுக்கோல் பட்ட கொப்புளம் இருந்தது. வீடு வரும்வரை அதைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே வந்தாள்.

தெருவுக்குள் நுழையும்போது வெளிச்சம் இன்னும் இருந்தது. தருமன் கடப்பாரையும் ஒரு கருங்கல் முளையுமாக அந்தக் காலி இடத்தில் நின்றிருந்தார்.

"காலைல பாவு நீட்டணும். பம்பர் இருந்த எடத்துலயே நடணும், அது எங்கன்னு தெரியல. நெளிஞ்சா இழ அறுத்துக்கும்" என்றார் பரிமளாவிடம். குரலில் கிண்டல் இல்லை.

பரிமளா குனிந்து தரையைப் பார்த்தாள். மண்ணில் எண்ணெய்க் கறை. இஞ்சினுக்கு நேர் கீழே சொட்டியது. அங்கிருந்து பம்பர் இரண்டு முழத்துக்குக் கொஞ்சம் அதிகம். அளந்து, செருப்புக் காலால் ஒரு கோடு கிழித்தாள்.

"இங்க."

தருமன் கடப்பாரையை ஓங்கினார்.